பட்டாணிப் பேத்தைக்கு ஒரு தனித் தொட்டி

நன்னீர்ப் பேத்தை மீன்களைப் பற்றி என்னிடம் விசாரிப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: கப்பியும் டெட்ராவும் ஓடிக்கொண்டிருக்கும் கம்யூனிட்டி டேங்கில், அதாவது பல வகை மீன்கள் சேர்ந்து வாழும் பொதுத் தொட்டியில், இரண்டு பஃபரை விடலாமா? கடைகளில் பஃபர் என்றே விற்கப்படும் இந்த மீனின் உருண்டை உடலையும் சுழலும் கண்களையும் பார்த்து ஆசைப்படாதவர் குறைவு. அந்த ஆசையில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்வதைவிட, இந்த மீன் எங்கிருந்து வருகிறது, எப்படி இரை தேடுகிறது, பக்கத்தில் நீந்தும் மீனை எப்படி நடத்துகிறது என்பவற்றை விளக்கிவிட்டால், கேட்டவரே தம் தொட்டியைப் பார்த்து முடிவெடுத்துக்கொள்வார் என்று நம்புகிறேன். நான் பல ஆண்டுகளாக வளர்த்து வருவது பட்டாணி பஃபர் என்று அழைக்கப்படும் மலபார் பேத்தையை. ஆகவே அதை முன்வைத்தே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

உலகில் அறியப்பட்ட பேத்தை மீன்களிலேயே மிகச் சிறியவற்றுள் ஒன்றான இது, நமக்கு மிக அருகில், மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து அரபிக் கடலை நோக்கி ஓடும் ஆறுகளில் வாழ்கிறது. கரினோடெட்ராடான் டிராவன்கோரிகஸ் என்னும் அறிவியல் பெயரிலேயே அது பிறந்த திருவிதாங்கூர் இருக்கிறது. பம்பை ஆற்றில் கிடைத்த மீன்களைக் கொண்டு ஹோரா, நாயர் என்னும் விலங்கியல் அறிஞர்கள் 1941-இல் இதை முதன்முதலாக விவரித்தார்கள். பம்பை, பெரியாறு, சாலக்குடி போன்ற ஆறுகளில், நீரோட்டம் தணிந்து செடிகள் அடர்ந்த ஓரங்களே இதன் இருப்பிடம். முழு வளர்ச்சியிலும் 3.5 செ.மீ. நீளத்தைத் தாண்டாத இந்த மீன், கடல் வாடையே இல்லாத நன்னீரில் முழு வாழ்வையும் கழிக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள மீன் வளர்ப்பாளர்கள் கொண்டாடும் ஒரு மீன் பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் நம் அண்டை வீட்டில் வாழ்கிறது என்பதை நம்மில் பலர் அறிந்திருக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது.

இதன் உடலமைப்பைத் தெரிந்துகொண்டால் நடத்தையில் பாதி விளங்கிவிடும். பேத்தைக் குடும்பத்து மீன்களுக்கு மேல்தாடையில் இரண்டும் கீழ்த்தாடையில் இரண்டுமாக நான்கு பல் தகடுகள் சேர்ந்து ஓர் அலகு போல அமைந்திருக்கின்றன. நத்தையின் ஓட்டை உடைக்கவும் சதையைக் கத்தரிக்கவும் ஏற்பட்ட இந்தப் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். விலா எலும்பு கிடையாது, வயிற்றுத் துடுப்பு கிடையாது, மற்ற மீன்களைப் போன்ற செதிலும் கிடையாது. விலா இல்லாததால்தான் ஆபத்தில் நீரை விழுங்கி வயிற்றைப் பந்தாக உப்ப வைக்க முடிகிறது. வால் துடுப்பை அடித்துப் பாய்வதைவிட, பக்கத் துடுப்புகளையும் முதுகுத் துடுப்பையும் குதத் துடுப்பையும் மெல்லச் சிலிர்த்து, நின்ற இடத்திலேயே நிற்கவும் பின்னோக்கி நகரவும் இதற்குத் தெரியும். வேகத்தில் இது எந்த டெட்ராவுக்கும் ஈடாகாது. நிதானத்தில் எந்த டெட்ராவும் இதற்கு ஈடாகாது.

இரை தேடும் பட்டாணிப் பேத்தையைத் தொட்டியின் முன் அமர்ந்து பொறுமையாகப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் ஊரும் ஒரு சிறிய நத்தையைக் கண்டவுடன் அது பாய்ந்துவிடுவதில்லை. முதலில் சற்றுத் தொலைவில் நின்றுகொண்டு, ஒரு கண்ணை நத்தையின் மீதும் மற்றொரு கண்ணைத் தன் பின்புறத்தின் மீதும் திருப்புகிறது. இரண்டு கண்களையும் தனித்தனியே அசைக்கக்கூடிய மீன் அது. பிறகு வாலைச் சற்று மடக்கிக்கொண்டு, மேலிருந்து ஒரு முறை, பக்கவாட்டிலிருந்து ஒரு முறை என்று நத்தையைச் சுற்றி வருகிறது. நத்தை உணர்கொம்பை நீட்டி ஓட்டை விட்டு உடலை வெளியே எடுக்கும் வரை காத்திருக்கிறது. அந்த நேரம் வாய்த்ததும் ஒரே கடி. சதையைப் பற்றி ஓட்டிலிருந்து இழுத்துவிடுகிறது, அல்லது மிகச் சிறிய நத்தையானால் ஓட்டோடு நொறுக்குகிறது. குறி தப்பினால் விலகிச் சென்று, அதே நத்தையிடம் சிறிது நேரம் கழித்து மீண்டும் வருகிறது. உறைய வைத்த ரத்தப்புழுவைப் போட்டாலும் இதே நிதானம்தான்; புழு விழும் வரை பார்த்து, அருகில் சென்று ஆராய்ந்து, பிடிக்கவில்லையென்றால் அப்படியே விட்டுவிட்டுப் போகும்.

கம்யூனிட்டி டேங்கில் சிக்கல் தொடங்குவது இந்த நிதானத்தில்தான் என்பது என் உறுதியான கருத்து. பேத்தை கடிக்கும் என்ற எச்சரிக்கையை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். பேத்தை பட்டினி கிடக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. ஒரு நண்பரின் மூன்றடித் தொட்டியில் டேனியோக்களும் பார்புகளும் இருந்த கூட்டத்தில் மூன்று பட்டாணிப் பேத்தைகளை நான் கவனித்திருக்கிறேன். உணவு விழுந்த கணத்திலேயே நீர்ப்பரப்பு கொந்தளித்து, பேத்தை ஒரு புழுவை நோட்டமிட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தப் புழு வேறொரு வாயில் போயிருக்கும். நண்பர் தாராளமாகவே உணவு போட்டார். தொட்டியின் நீர்தான் அதனால் கெட்டதே தவிரப் பேத்தைகளின் வயிறு நிறையவில்லை. நலமான பட்டாணிப் பேத்தையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் வயிறு மெல்ல உருண்டிருக்கும். அந்த மூன்றின் வயிறும் உள்வாங்கி, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அதே வேளையில் பார்புகளின் வால் ஓரங்களில் அரைவட்டமாகச் சிறு துண்டுகள் காணாமல் போயிருந்தன. இரண்டு தரப்பும் இழந்துகொண்டிருந்த தொட்டி அது. பேத்தைகளை இரண்டடித் தனித் தொட்டிக்கு மாற்றி, நத்தைகளோடு விட்ட பிறகுதான் அவற்றின் உடல் மெல்லத் தேறியது.

துடுப்பைக் கடிப்பதைப் பசியின் விளைவு என்று மட்டும் கருதிவிடக் கூடாது. நன்கு உண்ட பேத்தையும் கடிக்கும். தன் எல்லைக்குள் வந்ததை விரட்டுவதும், அசையும் எதையும் சோதித்துப் பார்ப்பதும் அதன் இயல்பு. மெதுவாக நீந்துபவையும் நீண்ட துடுப்பை அலையவிடுபவையும் முதலில் பாதிக்கப்படும். கப்பி, ஃபைட்டர், ஏஞ்சல், வால் நீண்ட கோல்ட் பிஷ் ஆகியவற்றோடு பேத்தையைச் சேர்ப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். கடித்த துடுப்பு வளர்ந்துவிடும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள்; வளரத்தான் செய்யும், ஆனால் வளர்வதற்குள் மீண்டும் கடிபட்டு, புண்ணில் பூஞ்சை பிடித்து, அஞ்சி மூலையில் ஒதுங்கி நிற்கும் மீனுக்கு அது எவ்வகையில் ஆறுதல்? சிறிய இறால்களைப் பொறுத்தவரை பேச்சுக்கே இடமில்லை. செர்ரி இறாலின் குஞ்சுகள் பேத்தைக்கு விருந்து. வளர்ந்த இறாலும் ஓடு உரிக்கும் நாளில் தப்புவது அரிது.

விதிவிலக்குகள் உண்டு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கண்ணாடியிலும் இலையிலும் ஒட்டிக்கொண்டு பாசி மேயும் ஓட்டோசிங்க்ளஸ் என்னும் சிறு கெளுத்தியைப் பலர் பட்டாணிப் பேத்தையோடு வெற்றிகரமாக வளர்க்கிறார்கள். உணவில் போட்டியில்லை, துடுப்பு சிறியது, அசைவும் குறைவு. நன்கு செடி வளர்ந்த பெரிய தொட்டியில் வேகமான சிறு மீன்களோடும் சிலருக்கு ஒத்துவந்திருக்கிறது. ஆனால் பேத்தைகளுக்குள் ஒன்றுக்கொன்று குணம் வேறுபடும். ஒருவர் தொட்டியில் சாதுவாக இருந்தது இன்னொருவர் தொட்டியில் கொடுமைக்காரனாக மாறலாம். அப்படி முயல்பவர், தேவைப்பட்டால் உடனே பிரித்து வைக்க ஒரு மாற்றுத் தொட்டியை ஓடும் நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். அது கைவசம் இருப்பவருக்கு முதலிலேயே பேத்தைக்குத் தனித் தொட்டி கொடுப்பதில் என்ன தடை என்பதே என் கேள்வி.

நன்னீர்ப் பேத்தை என்ற பெயரில் கடையில் இருப்பவை எல்லாம் நன்னீருக்குரியவை அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முதுகு பச்சையும் மஞ்சளுமாக மின்ன, கரும்புள்ளிகள் தெளித்த அழகான குட்டி ஒன்றை அடிக்கடி காணலாம். பச்சைப் புள்ளிப் பேத்தை எனப்படும் அது கழிமுக மீன். குட்டியாக இருக்கும்போது நன்னீரைத் தாங்கிக்கொண்டாலும், வளர வளர உப்பு கலந்த நீர் இல்லாமல் நலிந்துபோகும். ஏறக்குறைய 15 செ.மீ. வளர்ந்து, உடன் இருக்கும் மீன்களைக் கொன்று தின்னக்கூடியது. எண் எட்டின் வடிவம் முதுகில் கொண்ட பேத்தைக்கும் சிறிது உப்பு வேண்டும். நைல் ஆற்றின் ஃபஹாகா பேத்தை 40 செ.மீ.க்கு மேலும், காங்கோவின் எம்பு பேத்தை 60 செ.மீ.க்கு மேலும் வளரும்; இவற்றுக்கு வீட்டுத் தொட்டி என்பதே பொருந்தாது. பொதுத் தொட்டிக்கு ஓரளவு ஏற்ற குணம் கொண்டது தென் அமெரிக்காவின் அமேசான் பேத்தை. கூட்டமாக வாழும், பிற மீன்களை அதிகம் துன்புறுத்தாது. ஆனால் அதன் பல் மிக விரைவாக வளர்வதால், மயக்கம் கொடுத்து அவ்வப்போது வெட்டிவிட வேண்டியிருக்கும். அந்தத் துணிவும் கைப்பக்குவமும் இல்லாதவர் அதை வாங்காமல் இருப்பதே அந்த மீனுக்குச் செய்யும் நன்மை.

இனி, பட்டாணிப் பேத்தைகளுக்கென்றே அமைக்கும் தொட்டி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட சாதாரணத் தொட்டி சுமார் 54 லிட்டர் கொள்ளும். ஆறு மீன்களுக்கு அது நிறைவாகப் போதும். ஒரே ஒரு மீனைச் சிறு கிண்ணத்தில் வளர்ப்பதைவிட, இப்படி ஒரு குழுவாக வளர்க்கும்போதுதான் அவற்றின் இயல்பு முழுவதும் வெளிப்படுகிறது. ஆனால் குழுவில் ஆண்கள் குறைவாக இருக்க வேண்டும்; ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண்கள் என்பது நல்ல அளவு. வளர்ந்த ஆணின் வயிற்றின் நடுவே ஒரு கருங்கோடு ஓடும், கண்ணுக்குப் பின்னால் மினுங்கும் நெளிகோடுகள் தோன்றும். பெண் சற்று உருண்டு, கோடில்லாத வெளிர் வயிற்றோடு இருக்கும். கடையில் கிடைக்கும் குட்டிகளில் இந்த வேறுபாடு தெரியாது. எனவே ஆறு குட்டிகளை வாங்கி வளர்த்து, பின்னர் மிகுதியான ஆண்களை வேறிடம் மாற்றுவதே நடைமுறையில் உள்ள வழி.

செடிகளைத் தாராளமாக வைக்க வேண்டும். பேத்தைகளுக்கிடையே சண்டை குறைவது பெரும்பாலும் ஒன்றையொன்று பார்க்க முடியாத மறைவுகளால்தான். ஜாவா மாஸ், வேலம்பாசி, வாலிஸ்னேரியா போன்ற எளிதில் வளரும் செடிகளும், இடையிடையே மரவேர்த் துண்டுகளும் தொட்டியை அறைகளாகப் பிரித்துவிடும். வெறும் கூழாங்கல்லும் பிளாஸ்டிக் கோட்டையும் உள்ள தொட்டியில், பலவீனமான மீனுக்கு ஒதுங்க இடமே இல்லாமல் போய்விடும். நீரோட்டம் மென்மையாக இருக்க வேண்டும் என்பதால் ஸ்பாஞ்ச் பில்டரே எனக்கு எப்போதும் முதல் தேர்வு. அதன் பஞ்சில் படியும் நுண்ணுயிர்களைப் பேத்தைகள் கொத்திப் பார்ப்பதும் உண்டு.

தொட்டியை நிரப்பிய மறுநாளே பேத்தையை விடக் கூடாது. கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பில்டரில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் சுழியம் காட்டிய பிறகே மீன் வர வேண்டும். செதிலற்ற இந்த மீனுக்கு அவற்றின் சிறு அளவும் கேடுதான். நீரின் தன்மை குறித்து அளவுக்கு மீறி அஞ்சத் தேவையில்லை. பி.எச். 7-ஐ ஒட்டி, 8-க்குள் இருக்கும் ஆழ்துளைக் கிணற்று நீருக்கு இவை பழகிக்கொள்கின்றன. குடிநீர்க் குழாய் நீரானால் ஆன்ட்டி குளோரின் சேர்த்த பிறகே ஊற்ற வேண்டும். ஆர்.ஓ. நீரை மட்டும் பயன்படுத்துவதை நான் தவிர்க்கச் சொல்வேன். தாதுக்கள் இல்லாத அந்த நீரில் இரைக்காக விடும் நத்தைகளின் ஓடே கரைந்து வெளுத்துவிடும். வெப்பம் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நல்லது. சென்னையில் ஹீட்டரைப் பற்றிய கவலையைவிடக் கத்திரி வெயிலைப் பற்றிய கவலையே பெரிது. நீர் சூடேறும்போது அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும் என்பதால், கோடையில் மூடியைத் திறந்து நீர்ப்பரப்பின் மீது ஒரு சிறு மின்விசிறியை ஓடவிடுவதும், ஏர் பம்பைச் சற்றுக் கூட்டி வைப்பதும் உதவும். வாரம் ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுவதில் மட்டும் சோம்பல் கூடாது, ஏனெனில் ஊனுணவு உண்ணும் மீனின் தொட்டி விரைவில் அழுக்காகும்.

உணவுக்காக உழைக்க முடியாதவர் இந்த மீனை வாங்க வேண்டாம் என்று நான் தயங்காமல் சொல்வேன். குச்சி உணவையும் உருண்டை உணவையும் பெரும்பாலான பட்டாணிப் பேத்தைகள் திரும்பியும் பார்ப்பதில்லை. உறைய வைத்த ரத்தப்புழு, ஆர்ட்டிமியா, உயிருள்ள மோய்னா ஆகிய சிறு நீருயிர்கள், இவற்றோடு நத்தை என்று மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். நத்தைக்கென்று ஒரு பழைய வாளியோ சிறு தொட்டியோ போதும். வேகவைத்த கீரையும் வெள்ளரித் துண்டும் போட்டால் ராம்ஸ்ஹார்ன் நத்தைகள் தாமே பெருகிவிடும். குளத்திலிருந்து பிடித்துவரும் நத்தையை நேரடியாகப் போடக் கூடாது, ஒட்டுண்ணிகளும் கூடவே வரும். கூம்பு வடிவ மலேசிய நத்தையின் ஓடு மிகக் கடினமானது என்பதால் அதை இரையாக நம்ப வேண்டாம். ட்யூபிஃபெக்ஸ் புழுவைப் பேத்தைகள் விரும்பி உண்ணும் என்பது உண்மை. ஆனால் சாக்கடை கலந்த நீர்நிலைகளில் எடுக்கப்படும் அந்தப் புழுவை நம்பி ஒரு செதிலற்ற மீனை வளர்க்க எனக்கு மனம் வருவதில்லை. கொசுப்புழுவும் அருமையான இரைதான். எனினும் டெங்கு பரவும் நம் ஊர்களில் மொட்டை மாடியில் கொசு வளர்ப்பதை ஒரு பொழுதுபோக்கின் பெயரால் நியாயப்படுத்த முடியாது.

வாங்கும்போது வயிறு ஒட்டிய மீனைத் தவிர்க்க வேண்டும். விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பகுதி ஆற்றிலிருந்து பிடிக்கப்பட்டவை என்பதால் குடல் ஒட்டுண்ணி சாதாரணம். நன்கு தின்றும் உடல் தேறாமல், கழிவு வெண்மையாக நூல்போல நீண்டு வந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். புதிய மீனைச் சில வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்து, தேவையானால் மீன் மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். செம்பு கலந்த மருந்துகள் இந்த மீனுக்கு ஆபத்தானவை. இடம் மாற்றும்போது வலையால் தூக்காமல், ஒரு குவளையை நீருக்குள்ளேயே சாய்த்து, நீரோடு சேர்த்து எடுக்க வேண்டும். வலையில் அஞ்சிய பேத்தை நீருக்குப் பதில் காற்றை விழுங்கி உப்பிவிட்டால், அந்தக் காற்றை வெளியேற்ற முடியாமல் இறக்கவும் கூடும். உப்புவதைப் பார்ப்பதற்காகவே மீனைச் சீண்டுபவர்களை நான் கண்டிருக்கிறேன். அது அந்த மீனின் உயிரச்சம்; வேடிக்கைக்கு உரியது அல்ல.

இத்தனை கவனத்தையும் நான் வலியுறுத்துவதற்குத் தொட்டிக்கு வெளியே ஒரு காரணம் இருக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் மலபார் பேத்தை அழிவாய்ப்புள்ள இனமாகக் குறிக்கப்பட்டுள்ளது. 2005 முதல் 2012 வரையிலான காலத்தில், அச்சுறுத்தலுக்குள்ளான 30 இனங்களைச் சேர்ந்த 15 லட்சத்துக்கும் மேற்பட்ட நன்னீர் மீன்கள் இந்தியாவிலிருந்து அலங்கார மீன் வணிகத்துக்காக ஏற்றுமதியானதாக 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதில் பெரும்பங்கு வகித்த இனங்களுள் மிஸ் கேரளா எனப்படும் செங்கோட்டுப் பார்போடு இந்தப் பேத்தையும் ஒன்று. கேரள ஆறுகளில் மணல் அள்ளுவதும் வாழிடம் சிதைவதும் இதனோடு சேர்ந்துகொள்கின்றன. பொதுத் தொட்டியில் பட்டினியால் இறந்த ஒரு பேத்தைக்கு மாற்றாக இன்னொன்றை வாங்கும்போது, அது பெரும்பாலும் ஒரு பண்ணையிலிருந்து வருவதில்லை. பம்பையிலிருந்தோ சாலக்குடியிலிருந்தோ இன்னும் ஒரு மீன் குறைகிறது.

அதனால்தான் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய முயல்பவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். இது எட்டாத வேலை அல்ல. நன்கு உண்டு செழித்த ஓர் ஆணும் இரண்டு பெண்களும், அடர்ந்த ஜாவா மாஸ் உள்ள தொட்டியில், பெரிய நீர் மாற்றத்துக்குப் பின் பெரும்பாலும் முட்டையிட முற்படும். ஆண் நிறம் கூடி, பெண்ணைத் தொடர்ந்து சென்று பாசிக்குள் ஒதுக்கும். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள, ஒட்டாத, கண்ணாடி போன்ற முட்டைகள் சிலவே ஒரு நேரத்தில் விழும். பெற்ற மீன்களே அவற்றை உண்டுவிடும் என்பதால், மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்து, அதே தொட்டியின் நீர் நிரப்பிய சிறு பெட்டியில் வைக்க வேண்டும். 26 அல்லது 27 டிகிரி வெப்பத்தில் ஐந்து நாள் அளவில் குஞ்சு பொரியும். உடலோடு ஒட்டிய மஞ்சட்கருப் பையின் உணவு தீர்ந்ததும் முதலில் இன்ஃபுசோரியா என்னும் நீர் நுண்ணுயிர்கள், பிறகு அன்று பொரித்த ஆர்ட்டிமியா, அதன்பின் கடுகளவு நத்தைக் குஞ்சு என்று படிப்படியாகக் கொடுக்க வேண்டும். குஞ்சுகளும் ஒன்றையொன்று கடிக்கும். அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டே இருந்தால்தான் இறப்பு குறையும். அப்படித் தேறி வரும் குட்டிகளை, பில்டரில் பாக்டீரியா ஏற்கெனவே நிலைபெற்று, செடி அடர்ந்து, நத்தை வாளியும் தயாராக உள்ள வீடுகளுக்கு மட்டுமே நான் கொடுக்கிறேன். பொதுத் தொட்டியில் விடப்போவதாகச் சொல்பவரிடம், அந்த இரண்டடித் தொட்டியை முதலில் அமைத்துவிட்டு வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.